அஞ்சு ரோடு ஈரடுக்கு பாலம்: மேல 4.5, கீழ 2

வண்டியில போறவங்க கணக்குல பாத்தா சேலம் அஞ்சு ரோடு பாலத்துக்கு 5க்கு 4.5 தாராளமா குடுக்கலாங்க. 2020 ஜூன்ல திறந்தாங்க, 441 கோடி செலவு, எட்டு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மியா நீளம். முன்னாடியெல்லாம் குரங்குச்சாவடியில இருந்து நாலு ரோடு பக்கம் போகணும்னா அஞ்சு ரோட்டுல மாட்டிக்கிட்டு நிக்கணும், இப்ப மேல ஏறினா போய்ட்டே இருக்கலாம், ஆம்புலன்ஸுக்கெல்லாம் எவ்ளோ பெரிய உதவி.

ஆனா கீழ நடக்கறவங்களுக்கு 2 தான் போடுவேன்.

நேரா போற வண்டில நெறைய மேல போயிடுச்சுல்ல, அப்ப கீழ மிச்சமான இடம் யாருக்கு வந்திருக்கணும்? நடக்கறவங்களுக்குத்தானே. ஆனா அங்க வரிசையா பைக்தான் நிக்குது. எங்கம்மாவுக்கு முட்டி வலி, எதிர்ல இருக்கற துணிக்கடைக்கு கூட்டிட்டு போனேன், பிளாட்பாரம் ஏறவே என் தோளப் புடிக்க வேண்டியிருந்துச்சு, அவ்ளோ உயரம். ரோடு எப்படி போடணும்னு விதி வகுக்கற இந்திய சாலை காங்கிரஸ் அமைப்போட விதிப்படி கெர்ப், அதாவது பிளாட்பாரத்தோட விளிம்பு, 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல இருக்கக் கூடாது, நடக்க 1.8 மீட்டராவது காலியா இருக்கணும், கடைவீதின்னா இன்னும் அதிகமா வேணும். அங்க போர்டும் டிரான்ஸ்பார்மரும் வழிய மறிச்சு நிக்க, கடைசில ரோட்டுலயே இறங்கி நடந்தோம்.

பெரிய ஆபத்து ஃப்ரீ லெஃப்ட்தான். சிக்னல் செவப்பா இருந்தாலும் இடது பக்கம் திரும்பற வண்டி நிக்காது, முனைய வேற நல்லா வளைச்சு விட்டிருக்கறதால யாரும் ஸ்பீடு குறைக்கறதும் இல்ல, போதாததுக்கு தூண் மறைக்கறதால நாம வர்றது ஓட்டறவங்களுக்கு கடைசி நிமிஷத்துலதான் தெரியும். அந்த முனைய கொஞ்சம் குறுக்கினா வண்டி தானா மெதுவாகும், தாண்ட வேண்டிய தூரமும் குறையும். ரெண்டு தூணுக்கு நடுவுல சமமா ஒரு மேடை விட்டா வயசானவங்க பாதி ரோட்டத் தாண்டி நின்னு மூச்சு வாங்கிட்டு மீதியத் தாண்டலாம். இதுக்கெல்லாம் பாலம் கட்டற அளவு காசு தேவையே இல்லீங்க, மேல போற வண்டிக்கும் இதனால ஒரு தொந்தரவும் கிடையாது.

பூ, பழம் விக்கற அக்காங்கள மட்டும் துரத்திட்டு பிளாட்பாரத்த மீட்டுட்டோம்னு சொல்லாதீங்க, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவங்களுக்கும் உரிமை இருக்கு, முதல்ல பைக்க எடுங்க.

அதுவரைக்கும் பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க, ஆட்டோவ கடை இருக்கற பக்கமே சுத்தி வந்து நிறுத்தச் சொல்லுங்க, இருபது ரூபா கூட ஆனாலும் பரவால்ல.