மேஸ்திரிக்கு மேல் ஒரு மேனேஜர்: ஏற்காட்டில் வீடு கட்டுவோர் ஏமாறும் இடம்

ஏற்காடு லூப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, காப்பித் தோட்டத்தைப் பிரித்து விற்ற மனை ஒன்று. உரிமையாளர் குடும்பம் வெளியூர். பேஸ்மெண்ட் எழும்புவதற்குள்ளேயே ஒதுக்கிய பணத்தில் பாதி கரைந்துபோனது. மேஸ்திரியைத் திட்டிப் பலனில்லை என்று தெரிந்த பிறகு "ப்ராஜெக்ட் மேனேஜர்" என்று ஒருவரை வைத்தார்கள். சம்பளம், மொத்தச் செலவில் 8 சதவீதம். "நீங்க மலைக்கு வரவே வேண்டாங்க சார், தினமும் போட்டோ அனுப்பிடறோம்" என்றார். போட்டோ தவறாமல் வந்தது. இப்போது வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது. முன்பக்கத் தூண்கள் இரண்டு இறங்கிவிட்டன. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

ஆள் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயரைத் தெரிந்துகொண்டால் அவரிடம் மட்டும்தான் தப்பிக்க முடியும். பணம் எந்த வழியில் போனது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்தவரிடமும் தப்பிக்கலாம்.

முதல் கோளாறு, மேனேஜர் வந்த நேரம். மலைச் சரிவில் பெரிய காசு போவது மண் வேலையில்தான், அது முடிந்த பிறகு வந்தவர் எதையும் மீட்க முடியாது. கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு 40 அடிக்கு 30 அடி இடம், 30 அடி வாக்கில் 6 அடி சரிவு. முழுவதையும் கீழ்மட்டத்துக்கு வெட்டினால் 40 × 30 × 6 ÷ 2, அதாவது 3,600 கன அடி மண். நடுமட்டத்தில் நிறுத்தி, மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியில் நிரப்பினால் வெட்டு 900 கன அடிதான். அதே மனை, நாலில் ஒரு பங்கு வேலை. எவ்வளவு வெட்டப்பட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஜேசிபி இறங்கும் முன் யாரும் லெவல், அதாவது தரையின் ஏற்ற இறக்க அளவு, எடுக்கவில்லை. ஆட்டோ லெவல் என்ற அளவுக்கருவி வைத்து 10 அடிக்கு ஒரு புள்ளி எடுத்து, அசையாத பாறையிலோ மைல்கல்லிலோ ஒரு குறி போட்டுவைத்தால் அரைநாள் வேலை. அது இல்லாததால் டிப்பர் நடையை எண்ணிப் பில் போட்டார்கள். வெட்டிய மண் தளர்ந்து 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். நடையை எண்ணிக் காசு கொடுத்தால் அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

இறங்கிய இரண்டு தூண்களும் நின்றது அந்த நிரப்பு மண்ணில். பாதி வெட்டிப் பாதி நிரப்புவது சிக்கனம்தான், ஆனால் நிரப்பிய பக்கத்து ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) நிரப்பைத் தாண்டி இறங்கி, பழைய கெட்டி மண்ணில் உட்கார வேண்டும். மேல்பக்கத் தூணுக்கு 5 அடி ஆழம் போதுமென்றால் கீழ்பக்கத் தூணுக்கு 8 அடி ஆகலாம். வரைபடத்தில் எல்லாத் தூணுக்கும் ஒரே ஆழம் போட்டிருந்தால், அது மலைக்குக் கீழே, சேலம் சீலநாயக்கன்பட்டி சமவெளிக்குப் போட்ட படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கோளாறு சதவீதச் சம்பளம். 40 லட்சம் வேலைக்கு 8 சதவீதம் என்றால் 3.2 லட்சம். அதே வேலை 55 லட்சத்துக்கு இழுத்தால் 4.4 லட்சம். செலவைக் குறைக்க வந்தவருக்குச் செலவு கூடினால் லாபம். இதில் நல்லவர் கெட்டவர் பேச்சே இல்லை, ஏற்பாடே தப்பு. அதோடு சாமான் வாங்கும் பணத்தையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் கடைக் கமிஷனும் சேரும். சிமெண்ட் கடையும் கம்பிக் கடையும் அவர் சொன்ன கடையாகவே இருக்கும்.

மணல் பில்லைப் பாருங்கள். ஒவ்வொரு லோடும் 3 யூனிட் என்று எழுதியிருக்கிறது. ஒரு யூனிட் 100 கன அடி. வந்த டிப்பரின் உள்ளளவு: நீளம் பத்தரை அடி, அகலம் ஆறரை, மணல் நின்ற உயரம் மூன்றரை. பெருக்கினால் 239 கன அடி, 2.39 யூனிட். லோடுக்கு 0.6 யூனிட் மாயம், 20 லோடில் 12 யூனிட். பெரிய லாரியை அடிவாரத்திலேயே நிறுத்தி, சின்ன வண்டியில் மாற்றி ஏற்றும்போது அளவு இன்னும் கைமாறும். சைட்டில் வண்டி நின்ற பிறகு, கொட்டும் முன், டேப் பிடித்து அளந்த அளவுக்கே காசு என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மலையில் இன்னொன்றும் உண்டு: பனியிலும் மழையிலும் மணல் ஈரமாகவே கிடக்கும். நான்கைந்து சதவீத ஈரத்தில் மணலே 20 சதவீதத்துக்கு மேல் உப்பிக்கொள்ளும். பெட்டி அளவில் கலக்கும்போது இதற்குக் கழிக்காவிட்டால் கலவையில் மணல் குறைந்து, கான்கிரீட்டில் ஓட்டை ஓட்டையாக விழும்.

கம்பியில் வேறு வித்தை. 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்எம் கம்பி ஒன்று 4.74 கிலோ, 12 எம்எம் 10.67 கிலோ இருக்க வேண்டும். 8 எம்எம்மில் 7 சதவீதம் வரையும், 12 எம்எம்மில் 5 சதவீதம் வரையும் கூடக்குறைய இருக்கலாம் என்பது தரநிலை. எண்ணிக்கையை ஏட்டு எடையால் பெருக்கிப் பில் போட்டுவிட்டு எடை குறைந்த கம்பியை இறக்குவார்கள். எடைமேடைச் சீட்டு இல்லாமல் கம்பி பில்லுக்குப் பணம் தராதீர்கள். எண்ணியும் பாருங்கள், எடையும் பாருங்கள், இரண்டும் ஒத்துவர வேண்டும்.

ரூஃப் கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை ஆகும் என்று மேனேஜரை முன்னாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 1,000 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் 417 கன அடி, சுமார் 11.8 கன மீட்டர். எம்20 தரக் கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட், ஆக 95 மூட்டை. பீமுக்குத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த அளவு கான்கிரீட்டுக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று க்யூப் (ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கும் கான்கிரீட் கட்டி) எடுக்க வேண்டும். க்யூபில் நடக்கும் திருட்டுதான் சாமர்த்தியமானது: தளத்துக்கு ஒரு கலவை, க்யூபுக்குத் தனியாகக் கெட்டிக் கலவை. ஆய்வக ரிப்போர்ட் பிரமாதமாக வரும். தளத்தில் கொட்டும் கலவையிலிருந்தே சட்டியில் அள்ளி அச்சில் போட வைத்து, ஈரம் காய்வதற்குள் உங்கள் ஆள் ஆணியால் தேதியும் கையெழுத்தும் கீறிவிட வேண்டும்.

போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்னால், "மூடுபனிதான் இருக்கே, தண்ணி எதுக்குங்கண்ணா" என்று மேஸ்திரி சொல்வார். பக்கத்தில் நிற்கும் மேனேஜர் தலையாட்டினால் அவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். சாதா சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்டுக்கு 10 நாள் ஈரம் நிற்க வேண்டும், பனி அதற்கு ஈடாகாது. தளத்தைத் தாங்கும் முட்டைப் பிரிப்பதும் அப்படித்தான். தாங்கும் சுவர்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்ற கணக்கு சாதா சிமெண்ட்டுக்கும், 15 டிகிரிக்குக் குறையாத குளிருக்கும்தான். மார்கழி இரவில் ஏற்காட்டில் அந்தக் கணக்கை நம்பிப் பிரிக்கக் கூடாது.

சரி, யாருக்கு மேனேஜர் வேண்டும்? சேலத்துக்குள் சமமான மனையில் 1,000, 1,200 சதுர அடி வீடு, காலை மாலை நீங்களே எட்டிப்பார்க்க முடியும் என்றால் வேண்டியதில்லை. ஃபுட்டிங் குழி, ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முந்தைய கம்பிக் கட்டு, ப்ளம்பிங் குழாய் மூடுவதற்கு முன் என்று நேரம் பார்த்து ஒரு சிவில் இன்ஜினியருக்கு விசிட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் முடிந்தது. மனை சரிவில் இருந்து, நீங்கள் தூரத்தில் இருந்து, கொத்து, எலக்ட்ரிக், மரவேலை எல்லாம் தனித்தனி ஆளிடம் என்றால் கட்டாயம் வேண்டும், அதுவும் மனையைச் சுத்தம் செய்வதற்கு முன்பே. மலைக்கிராமமாக இருந்தால் ஹாகா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி, மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படியான அனுமதி, இவற்றையெல்லாம் அவர்தான் பட்டியல் போட்டுத் தர வேண்டும். "அதெல்லாம் பஞ்சாயத்துல பேசிக்கலாங்க" என்பவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காண்டிராக்டர் கூட்டிவந்த மேனேஜர் வேண்டாம், மேனேஜர் கூட்டிவரும் ஒரே காண்டிராக்டரும் வேண்டாம். இரண்டு மழைக்காலம் கண்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லி, அங்கே தடுப்புச் சுவரைப் போய்ப் பாருங்கள். கருங்கல் சுவராக இருந்தால் அடிப்பக்க அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமலும், ஐந்தாறு அடிக்கு ஒரு வடிதுளையும், அதன் பின்னால் ஜல்லி நிரப்பும் இருக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் துளை ஈரமாக இருந்தால் வேலை செய்கிறது. ஒப்புக்குச் சொருகிய குழாய் காய்ந்தே கிடக்கும்.

சம்பளம் மொத்தமாக ஒரு தொகை, கட்டம் கட்டமாக. லெவலும் அளவுப் பட்டியலும் கைக்கு வந்ததும் ஒரு பகுதி, பேஸ்மெண்ட், ரூஃப், பூச்சு முடிய ஒவ்வொன்று, ஒரு மழைக்காலம் கழித்துக் கடைசி பத்து சதவீதம். கான்கிரீட் போடும் நாள் முழுவதும் அவர் சைட்டில் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். எம்-புக்கில் (அளவுப் பதிவேட்டில்) அளவு எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராகக் கடைக்கும் காண்டிராக்டருக்கும் போக வேண்டும். அவர் ஜிஎஸ்டி கேட்டால் பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்த்த பிறகு கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் எதையும் இடிக்க வேண்டாம், இடித்தால் சாட்சியும் போகும். வேலையை நிறுத்தி, சம்பந்தமில்லாத இன்ஜினியரை வைத்து, இரண்டு தரப்பும் பார்க்க அளவெடுத்து எழுதுங்கள். வரமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அழைத்துவிட்டு அளவெடுங்கள். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் தூண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது நிற்கும்வரை மேலே ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.