தஞ்சை வெயிலில் ரா டெனிம்: வாங்கலாம், ஆனால் 14 அவுன்ஸ் வேண்டாம்

கடையில் தொங்கும் ஜீன்ஸில் தொடை வெளுத்து, இடுப்புக்குக் கீழே மீசை மாதிரி கோடு இருந்தால் அது உப்புத்தாளில் தேய்த்ததாகவோ, பெர்மாங்கனேட் அடித்ததாகவோ, லேசரில் சுட்டதாகவோ இருக்கும். மணலைப் பீய்ச்சியும் வெளுத்தார்கள். தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்ததால் துருக்கி 2009-ல் அந்த முறையைத் தடை செய்தது. எப்படிச் செய்தாலும், அந்தக் கோடு உங்கள் கால் மடியும் இடத்தில் விழுவதில்லை. தைத்த பிறகு தண்ணீரே காட்டாமல் விற்கும் ரா டெனிமில்தான் உங்கள் நடையும் உட்காரும் விதமும் பதியும்.

காரணம் நூலில் இருக்கிறது. நீளவாட்டில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. பாவு நூலை இண்டிகோவில் முக்கி, காற்றில் ஆறவிட்டு, மறுபடி முக்கி எடுப்பார்கள். சாயம் நூலின் மேல்சுற்றில் மட்டும் நிற்கும், நடு வெள்ளையாகவே இருக்கும். உராயும் இடத்தில் மேல்நீலம் போய் உள்வெள்ளை தெரிவதுதான் வெளுப்பு. திருபுவனம் பக்கம் தறி பார்த்தவர்களுக்குப் பாவுக்குக் கஞ்சி போடுவது தெரியும். டெனிமிலும் அதே கஞ்சி உண்டு. கஞ்சி இருக்கும்வரை மடிப்பு ஒரே இடத்தில் நிற்கும். அதனால் முதல் துவைப்புக்கு முன் உடுத்தும் வாரங்கள்தான் முக்கியம்.

எடை விஷயத்தில் ஏமாறாதீர்கள். டெனிமின் எடையைச் சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 475 கிராம். சித்திரையில் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. 11 அல்லது 12 அவுன்ஸ் போதும். மடிப்புக் கோடு சற்று மென்மையாக விழும், ஆனால் வருஷம் முழுக்க உடுத்தலாம். தை பிறந்ததும் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் நனைந்து நனைந்து கஞ்சி முன்பே போய்விடும், பூஞ்சணமும் பிடிக்கும்.

சான்ஃபரைஸ் செய்த துணி, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிய துணி, 1 முதல் 3 சதவீதம் சுருங்கும். செய்யாதது 10 சதவீதம் வரை போகும், நீளத்தில் மூன்று அங்குலம் காணாமல் போகலாம். அதை வாங்கினால் முதலில் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து உலர்த்துங்கள். கஞ்சி கொஞ்சம் போகும், வேறு வழியில்லை. கால் உயரத்தைக் குறைப்பது அதற்கப்புறம்தான்.

ஆறு மாதம் துவைக்காதே என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது குளிர் ஊருக்கு. இங்கே வியர்வையும் புழுதியும் இழைக்குள் தங்கி, ஒவ்வொரு அசைவிலும் நூலை அறுக்கும். தினமும் உடுத்தினால் நான்கு முதல் ஆறு வாரத்தில் முதல் துவைப்பு. உள்புறத்தை வெளியே திருப்பி, ஜிப்பைப் போட்டு, வாளியில் பச்சைத்தண்ணீர், கம்பளிக்கு உபயோகிக்கும் லிக்விட் ஒரு மூடி, இல்லையென்றால் பூந்திக்கொட்டை ஊறிய நீர். முக்கால் மணி நேரம் மடிக்காமல் கிடக்கட்டும். இரண்டு முறை அலசி, பிழியாமல், இடுப்பைப் பிடித்து நிழலில் தொங்கவிடுங்கள். துவைகல்லும் பிரஷ்ஷும் கிட்டே வரக்கூடாது. தையல் மேடு நீலத்தை இழந்து கோடு கோடாகிவிடும், அது மீளாது. வெண்மையூட்டும் பவுடரும் வேண்டாம், நீலத்தின் தொனியே மாறிப்போகும்.

நம் ஊர்ப் பழக்கங்களுக்கு இந்தத் துணி நன்றாகவே பலன் தருகிறது. தரையில் சம்மணம் போட்டு உட்காருபவருக்கு முழங்கால் பின்மடிப்பு தேன்கூடு போல ஆழமாக விழும். கணுக்காலின் வெளிப்புறமும் சீக்கிரம் வெளுக்கும். அதே நேரம் டூவீலர் சீட் உள்தொடையைத் தின்கிறது. இதுதான் பெரிய குறை. முதல் சில வாரங்கள் வெளிர்நிற சீட்டிலும் வெள்ளைச் சட்டை ஓரத்திலும் நீலம் ஒட்டும். வேட்டி இருக்கும் வாளியில் போடவே கூடாது.

நான்கு தையல் கூடும் கவட்டையை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீல இழை போய் வெள்ளை ஊடை மட்டும் தெரிந்தால், ஓட்டை விழக் காத்திருக்காமல், நைந்த இடத்தை நூலோட்டி அடைக்கும் டார்னிங் கடைக்குக் கொடுங்கள். உள்ளே துண்டு வைத்து, பாவு ஓடும் திசையிலேயே அடிக்கச் சொல்லவேண்டும். கால் குறைத்தபோது வெட்டிய துண்டைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தால், அதே துணி ஒட்டுக்கு ஆகும்.