மூணு வருஷ ஏஜென்சி லோக்கம்: சொல்ற ரேட் ஒண்ணு, பேஸ்லிப்ல வர்றது ஒண்ணு

காலேஜ் ஜூனியர் ஒருத்தி போன வாரம் மெசேஜ் பண்ணிருந்தா. "அக்கா, டிரஸ்ட் வேலைய விட்டுட்டு முழுசா லோக்கம் போயிடலாமா, ஏஜென்சில மணிக்கு 60 பவுண்டுன்னு சொல்றாங்க"ன்னு. டிரஸ்ட்டுன்னா இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகள நடத்தற அமைப்பு, லோக்கம்னா நிரந்தரமா இல்லாம ஷிஃப்ட் கணக்குல பாக்கற டாக்டர் வேலை. வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சேன், பத்து நிமிஷம் தாண்டியும் முடியல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். அங்க அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் ஆஸ்பத்திரிகள்ல மெடிசின் ரிஜிஸ்ட்ராரா (கன்சல்டன்ட்டுக்கு அடுத்த நிலை டாக்டர்) மூணு வருஷமா ஏஜென்சி லோக்கம் பாக்கறேன், சம்பளம் மொத்தமும் அம்ப்ரெல்லா கம்பெனி வழியா, அதாவது ஏஜென்சிக்கும் நமக்கும் நடுவுல முதலாளியா நின்னு சம்பளம் போடற கம்பெனி. டாக்டரா பதிவு பண்ற ஜிஎம்சி, நிரந்தரமா தங்க வாங்கற ஐஎல்ஆர் விஷயத்துக்குள்ள எல்லாம் இங்க போகல.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், கோவத்துல விட்டுடக்கூடாது. டைம்ஷீட்ல கையெழுத்து வாங்கி திங்கக்கிழமை அனுப்பிட்டா வெள்ளிக்கிழமை காசு வந்துடும், மூணு வருஷத்துல ஒரு வாரம் கூட தவறல. நைட் வேணாம்னா வேணாம்தான். அம்மாவுக்கு ஆபரேஷன்னு ஆறு வாரம் ஊருக்குப் போனேன், ஷிஃப்ட் ரோட்டா பாக்கறவங்ககிட்ட கெஞ்சல, யார்கிட்டயும் ஸ்வாப் கேக்கல, போயி பக்கத்துல இருந்துட்டு வந்தேன். பெர்மனென்ட்டா இருந்தப்போ இது நடந்திருக்கவே நடந்திருக்காது. அதுக்கு நான் என்னைக்கும் நன்றியோட இருப்பேன்.

ஆனா அந்த ரேட். மூணு வருஷமா என் மனச அரிக்கறது அது ஒண்ணுதான்.

போன்ல 60-ன்னு சொல்றாங்கல்ல, அது உன் சம்பளம் இல்ல, அம்ப்ரெல்லாவுக்கு ஏஜென்சி குடுக்கற தொகை. முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் (என்ஐ), அப்ரென்டிஸ்ஷிப் லெவிங்கற வரி, அம்ப்ரெல்லாவோட மார்ஜின் (அவங்க கட்டணம்) எல்லாம் அதுல இருந்துதான் போகும். என் முன்னாடி இருக்கற பேஸ்லிப் மாதிரியே ஒரு வாரத்த எடுத்துக்கோ. 40 மணி நேரம், 2,400 பவுண்டு. மார்ஜின் 20 போச்சு. எம்ப்ளாயர் என்ஐ கிட்டத்தட்ட 297. லெவி 10. மிச்சம் 2,073, இதுதான் உன் கிராஸ், இன்கம் டாக்ஸும் உன் பங்கு என்ஐயும் இனிமேதான் பிடிப்பாங்க. அந்த 2,073-லயும் 223-ஐப் பிரிச்சு ஹாலிடே பேன்னு தனி வரியா காட்டுவாங்க. 12.07 சதவீதம்னு போட்டிருக்கும், பாத்தா என்னமோ மேல சேத்துக் குடுத்த மாதிரி இருக்கும், ஆனா அது உன் காசேதான், லீவு எடுக்கறப்போ தனியா எதுவும் வராது. அதையும் கழிச்சுட்டுப் பாத்தா அடிப்படை ரேட் மணிக்கு 46 சொச்சம். பென்ஷன்ல சேந்தா எம்ப்ளாயர் பங்கும் அதே 60-ல இருந்துதான், நான் சேரல, அதனால இந்தக் கணக்குல அது இல்ல.

2020 ஏப்ரல்ல இருந்து இதெல்லாம் போட்டு ஒரு தகவல் தாள் முன்கூட்டியே தரணும்னு சட்டமே இருக்கு. எனக்கும் தந்தாங்க, பொய் சொல்லல. பாஸ்போர்ட் காப்பி, குற்றப் பதிவு செக்கான டிபிஎஸ், ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டுன்னு இருபது ஃபைல் பரிமாறிக்கிட்டிருந்த அதே மெயில்ல பதினஞ்சாவதோ என்னமோ அட்டாச்மென்ட்டா. போன்ல அஞ்சு நிமிஷம் இனிமையா பேசுன அந்த ஆளு இத ஒரு வாக்கியத்துல சொல்லியிருக்கலாம்ல?

2025 ஏப்ரல்ல இன்னும் வயிறெரிஞ்சுச்சு. எம்ப்ளாயர் என்ஐய 13.8-ல இருந்து 15 சதவீதமாக்கி, வருஷத்துக்கு 9,100 வரைக்கும் இருந்த விலக்க 5,000-ஆ குறைச்சாங்க. முதலாளிங்க மேல வரின்னுதான் நியூஸ்ல சொன்னாங்க. அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு, அதே 60, என் கிராஸ் மட்டும் வாரத்துக்கு 30 பவுண்டு இறங்கிடுச்சு. ரேட்ட ஏத்தச் சொல்லிக் கேட்டேன். ஏஜென்சி டிரஸ்ட்டக் கை காட்டுச்சு, டிரஸ்ட் 2015-ல இருந்து இருக்கற ஏஜென்சி ரேட் வரம்பக் கை காட்டுச்சு, அம்ப்ரெல்லா நாங்க சம்பளம் போடறதோட சரின்னுடுச்சு.

டிரஸ்ட்டோட பேங்க்ல (காசு போடற பேங்க் இல்ல, டிரஸ்ட்டே ஷிஃப்ட்டுக்கு நேரடியா ஆள் எடுக்கற லிஸ்ட்) ரேட் கம்மிதான், ஆனா சொல்ற ரேட்தான் உன் கிராஸ், முதலாளி என்ஐ அவங்க தலையில. அதோட என்எச்எஸ் பென்ஷன்ல சேரலாம், முதலாளி பங்கு மட்டும் 23.7 சதவீதம். ஏஜென்சில நான் உழைச்ச மூணு வருஷமும் அந்தப் பென்ஷன்ல கிடையாது, இத எழுதறப்போ வயித்துல ஏதோ பண்ணுது. ஃப்ளூ வந்து ஒரு வாரம் படுத்திருந்தப்போ ஷிஃப்ட் காசு ஒரு பைசா வரல. வருஷா வருஷம் நம்ம வேலைய மதிப்பிடற அப்ரைசலுக்கும் நானேதான் அலைஞ்சேன், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ டாக்டர் லைசென்ஸ உறுதிப்படுத்தற ரீவேலிடேஷன்னு வர்றப்போ அதுக்குப் பொறுப்பான அமைப்பு, அதாவது நம்மளோட டெசிக்னேட்டட் பாடி, யாருன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும், அத அசால்ட்டா விட்டுடாத.

அதனால அவளுக்கு நான் சொன்னது, இப்போதைக்கு போகாதடா. அப்படியே போனாலும், யாராவது ரேட் சொன்னா அடுத்த மூச்சுல "இது அம்ப்ரெல்லா ரேட்டா, பிஏஒய்இ ரேட்டா"ன்னு கேளு, பதில மெயில்ல வாங்கு. பிஏஒய்இ ரேட்டுன்னா ஏஜென்சியே முதலாளியா வரி பிடிச்சு சம்பளம் தர்ற ரேட், எண்ணு சின்னதா இருக்கும், ஆனா முதலாளி பங்கு அதுல இருந்து போகாது.

நான் பேங்க்ல சேர ஃபார்ம் குடுத்துட்டேன், பழைய டிரஸ்ட்லயே. அங்க கிளியரன்ஸ் வர ஆறேழு வாரம் ஆகும்ங்கறாங்க. டிசம்பர்ல அம்மாவோட செக்கப்புக்கு மூணு வாரம் போகணும், அது மட்டும் இன்னும் அவங்ககிட்ட சொல்லல.