பெசன்ட் வேட்டைக்கு எந்த நாய்: நின்று காட்டுவதா, பாய்ந்து கிளப்புவதா?

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் காட்டு பெசன்ட் (நீண்ட வாலுள்ள கோழியினப் பறவை) வேட்டைக்காலம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 31 வரை நீள்கிறது. காலை 10 மணிக்கு முன்னும் சூரியன் மறைந்த பின்னும் சுடக்கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று சேவல். பெட்டையைத் தொடவே கூடாது. எந்த நாயோடு போவது என்பதில் அங்கே இரண்டு கட்சி. ஜெர்மன் ஷார்ட்ஹேர், இங்கிலிஷ் செட்டர், பிரிட்டனி போன்றவை பறவையின் வாடை பட்டதும் சிலையாக நின்று இடத்தைக் காட்டும். ஸ்பிரிங்கர் ஸ்பானியல், லாப்ரடார் போன்றவை நிற்காமல் பாய்ந்து பறவையைக் கிளப்பிவிடும்.

நின்று காட்டும் நாய்க்காரர்கள் சொல்லத் தயங்கும் சங்கதி ஒன்று உண்டு. காட்டுச் சேவல் நாயின் முன் அடங்கி உட்காராது, ஓடும். பண்ணையில் வளர்த்துத் திறந்துவிட்ட பறவையில் பழகிய நாய், காட்டுப் பறவையிடம் முதல் வாரத்திலேயே ஏமாந்துபோகும். அது நின்ற இடத்தில் வாடை மட்டும் இருக்கும். சேவல் எண்பது கெஜம் தள்ளி எழும்பும். நல்ல நாய் இதைப் புரிந்துகொண்டு மெல்ல நகர்ந்து மறுபடி நிற்கும். ஆளும் சும்மா பின்னால் நடக்கக்கூடாது. நாய் நின்றதைப் பார்த்ததும் அகலமாகச் சுற்றிப்போய், அதன் மூக்கு காட்டும் திசையில் முப்பது நாற்பது கெஜம் முன்னால் நின்று, நாயை நோக்கி வர வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட சேவலுக்கு எழும்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த வித்தைக்கு அகன்ற புல்வெளி வேண்டும். 1985இன் பண்ணைச் சட்டத்தில் தொடங்கிய நிலப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் உழவை நிறுத்திப் புல் வளர்த்த வயல்கள் அதற்கென்றே அமைந்தவை. ஒருவரோ இருவரோ மட்டும் நடக்கும்போது, நூறு கெஜம் வரை இருபக்கமும் ஓடித் தேடும் ஷார்ட்ஹேர் அரை நாளில் அலசும் நிலத்தை ஸ்பானியலால் அலச முடியாது. இன்னொரு லாபமும் உண்டு: பறவை எழும்பப்போவது முன்கூட்டியே தெரிவதால், சேவலா பெட்டையா என்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது. சாய்ந்த வெயிலை எதிர்த்துப் பார்க்கும்போது கழுத்தின் வெள்ளை வளையம் தெரியாது. எழும்பும்போது சேவல் கொக்கரிக்கிறதா என்று காது கொடுப்பதுதான் நம்பகமான வழி. சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும்.

கிளப்பும் நாயின் கணக்கு வேறு. அது துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், அதாவது இருபத்தைந்து கெஜத்துக்குள், வளைந்து வளைந்து தேட வேண்டும். ஓடும் சேவலின் வாடை கிடைத்ததும் நாய் வேகம் எடுக்கும். அந்த நேரத்தில் ஒரு விசில் ஊதினால் உட்கார்ந்தாக வேண்டும். உட்காராத நாய் அறுபது கெஜத்தில் பறவையைக் கிளப்பி வேடிக்கை காட்டும். காசு கொடுத்து வாங்கும் பயிற்சியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இளம் நாய் தாழப் பறக்கும் பறவையைத் துள்ளிப் பிடிக்கப் பார்க்கும். ஆகவே பறவைக்குக் கீழே வானம் தெரியும்வரை விசையைத் தொடக்கூடாது.

பத்துப் பேர் வரிசையாக நடந்து, வயலின் கடைசியில் சிலர் மறித்து நிற்கும் மக்காச்சோளக் காட்டில் நின்று காட்டும் நாய் வீண். சாலுக்குள் சேவல்கள் நில்லாமல் ஓட, நாய் பரப்பில் சுற்றி எல்லாவற்றையும் முன்கூட்டியே கலைத்துவிடும். அங்கே லாப்ரடார்தான்.

நவம்பர் கடைசியில் ஆட்டம் மாறும். அறுவடை முடிந்து, பனி விழுந்தால் பறவைகள் சம்பங்கோரை மண்டிய சதுப்புகளுக்குள் ஒதுங்குகின்றன. ஆள் உயரக் கோரைக்குள் நாய் நிற்பதே கண்ணுக்குத் தெரியாது, இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை இருந்தால்தான் தேட முடியும். தடித்த மேனியுள்ள லாப்ரடார் கோரையை உடைத்துக்கொண்டு போகும். மெல்லிய ரோமமுள்ள ஷார்ட்ஹேர் நனைந்தால் நடுங்கும். அதற்கு நியோப்ரீன் (ரப்பர் போன்ற துணி) அங்கி போட வேண்டும். எந்த நாயானாலும் பனிக்கட்டியை நம்பி விடக்கூடாது: மஸ்கிராட் என்னும் நீரெலியின் கூடுகளைச் சுற்றிப் பனிக்கட்டி மெலிந்திருக்கும். மேலே உறைந்து நொறுங்கும் பனியில் நடந்தால் சத்தம் கேட்டே சேவல்கள் தொலைவில் எழும்பும். புதிதாகப் பெய்த மெத்தென்ற பனிக்கு மறுநாள்தான் நல்ல நாள். வண்டிக் கதவை அறையாமல் சாத்துங்கள்.

அடிபட்ட பறவையை மீட்பதில் என் ஓட்டு கிளப்பும் நாய்க்கே. சிறகு மட்டும் முறிந்த சேவல் விழுந்த நொடியே ஓடும்; லாப்ரடாரும் ஸ்பிரிங்கரும் விழும் இடத்தைக் குறிவைத்துப் பார்த்துத் துரத்தி எடுக்கும். செட்டர்களில் பல, பறவையைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கும். எடுத்துவர அவற்றைத் தனியே பழக்க வேண்டும்.

உடம்பைப் பார்ப்பதில் இரு தரப்புக்கும் வேறுவேறு தொல்லை. அக்டோபர் வெயிலில் தடித்த லாப்ரடார்தான் முதலில் சுருளும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுக்க வேண்டும். உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நீள ரோமச் செட்டர் ஒட்டுமுள்ளை அள்ளிக்கொண்டு வரும். நரிவால் புல்லின் கூர்முனையில் பின்னோக்கிய முட்கள் உள்ளதால் அது உள்நோக்கி மட்டுமே நகரும். வேட்டை முடிந்ததும் விரலிடுக்கு, காது, அக்குள், கண் இமை எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் விரலிடுக்கு ரோமத்தை வெட்டாவிட்டால் பனி உருண்டை கட்டி நாய் நொண்டும்.

முழுப் பருவத்துக்கும் ஒரே நாய்தான் என்றால் லாப்ரடார் அல்லது ஸ்பிரிங்கர். அக்டோபர், நவம்பரில் தனியாகப் புல்வெளியில் மட்டும் நடப்பவருக்கு ஷார்ட்ஹேர். இரண்டுக்கும் நடுவில் கம்பிமுடி கொண்ட ஜெர்மன் வயர்ஹேர் உண்டு: நின்று காட்டும், குளிரும் தாங்கும், எடுத்தும் வரும். முரட்டுப் பிடிவாதம் கொண்டது, முதல் நாய் வளர்ப்பவர் தள்ளியே இருக்கலாம். எதைக் கொண்டுபோனாலும், நீர்ப்பறவைகளுக்காக ஒதுக்கிய அரசு நிலங்களில் ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) கூடாது. அங்கே இரண்டு அல்லது மூன்றாம் எண் எஃகு ரவையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈயத்துக்குத் தடை இல்லாத இடங்களில் ஐந்தாம் எண் ஈயம் போதும்.