‘அசல் ஃபமிகொம்’ என்று விற்கப்பட்ட பெட்டி: பழைய இயந்திரங்களுக்கு விளையாட்டு எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த பெப்ரவரி மாதம், பழைய வீடியோ விளையாட்டு இயந்திரங்களைக் கொழும்பில் இருந்து இணையம் வழியாக விற்கும் ஒருவரிடம், ‘ஜப்பானில் இருந்து வந்த அசல் ஃபமிகொம், சோதித்துப் பார்க்கப்பட்டது’ என்ற விளம்பரத்தை நம்பி (ஃபமிகொம் என்பது நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய விளையாட்டு இயந்திரம்) 46,500 ரூபாய்க்கு ஓர் இயந்திரத்தையும், 14,000 ரூபாய்க்கு எழுதி அழிக்கக்கூடிய சிப்கள் பொருத்திய வெற்றுக் கசற் (விளையாட்டைப் பதிந்து இயந்திரத்தில் செருகும் சிறு பெட்டி) ஒன்றையும் வாங்கினேன். இயந்திரத்தின் கூட்டுக்குள் இருந்தது வேறு யாரோ செய்த நகல் மின்சுற்றுப் பலகை. கசற்றில் இருந்த சிப்களில் ஒரு தடவை எழுதலாம், அழிக்க முடியாது. பணம் போனதைக் காட்டிலும் எனக்குப் பெரிய இழப்பு, அந்தப் பெட்டியை அசல் என்று நம்பி ஐந்து வாரங்கள் என் விளையாட்டை அதில் சோதித்ததும், சரியாக இருந்தவற்றைப் பிழை என்று எண்ணித் திருத்தியதும்தான். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதே துறையில் மெல்ல இறங்கிவரும் இளைஞர்கள் சிலர் என்னிடம் இயந்திரம் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருப்பதால், நடந்ததை முழுமையாக எழுதிவைக்கிறேன்.

விளையாடுவதற்கு மட்டும் வாங்குபவருக்கு நகல் இயந்திரம் பெரிய குறையாகத் தெரியாது. சிறுவயதில் எங்கள் தெருவில் இருந்த ‘ரீவி கேம்’ பெட்டிகள் எல்லாமே நகல்கள்தாம். அவற்றை நகலின் விலைக்கே வாங்கினோம், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விளையாட்டை எழுதுபவருக்கோ அந்த இயந்திரம் தராசு. கணினியில் எமுலேட்டர் (பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்) மூலம் ஓட்டிப் பார்த்த விளையாட்டு, 1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் வெளிவந்த அந்தப் பெட்டியில் உண்மையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நிறுத்துப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறோம். கள்ளத் தராசைக் கொடுத்தவர் ஒரு தடவை திருடுவதோடு நிற்பதில்லை. அதில் நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் நம்மிடம் இருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

நான் எழுதிக்கொண்டிருப்பது கரைவலை இழுக்கும் ஒரு சிறிய விளையாட்டு. நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட் என்ற மிக எளிய கசற் அமைப்புக்குள் அது அடங்குகிறது. திருகோணமலை உப்புவெளிக் கரையில் வலை இழுப்பவர்கள் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒன்றாகப் பின்வாங்கி இழுப்பதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். விளையாட்டிலும் அதே தாளத்துக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் கயிறு கையை விட்டு நழுவும். இயந்திரம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம்களை, அதாவது 60 முழுத் திரைப் படங்களை, வரைவதால், 45 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தேன். அதாவது முக்கால் செக்கனுக்கு ஒன்று. இரண்டு தட்டுக்கு ஓர் இழுப்பு. கரையில் நின்று கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, பல நாள் ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்தெடுத்த எண் அது. விளையாட்டின் உயிரே அந்த 45தான்.

அசல் இயந்திரம் எதற்கு, எமுலேட்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு வலையின் மிதப்புகளையே உதாரணமாகச் சொல்லலாம். இந்த இயந்திரம் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவங்களை மட்டுமே காட்டும். ஒன்பதாவது உருவம் மறைந்துவிடும். பன்னிரண்டு மிதப்புகள் ஒரே நேர்கோட்டில் மிதக்கும்போது நான்கு காணாமல் போகும். அதைச் சமாளிக்க, ஒவ்வொரு ஃபிரேமிலும் உருவங்களின் வரிசையை மாற்றி, மறைவதை எல்லா மிதப்புகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது அவை மினுங்கும். எமுலேட்டர்கள் பலவற்றில் இந்த வரம்பை நீக்கிவிடும் வசதி இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால் தவறே கண்ணில் படாது. அதேபோல, மின்சாரம் கொடுத்தவுடன் இயந்திரத்தின் 2 கிலோபைட் நினைவகத்தில் என்ன இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எமுலேட்டர் எல்லாவற்றையும் பூச்சியமாக்கிக் கொடுத்தால், நாம் துடைக்க மறந்ததை அது மறைத்துவிடும். இவற்றைப் பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியில், உண்மையான பெட்டியில் பார்த்தால்தான் மனம் ஆறும்.

பெட்டி கூரியரில் வந்தது. கூடு சுத்தமாக இருந்தது. ஏவி வெளியீடு (படத்தையும் ஒலியையும் கம்பி வழியே தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் இணைப்பு) புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அடிப்பக்கத் திருகாணி ஒன்றின் மேல் ‘உடைத்தால் உத்தரவாதம் செல்லாது’ என்ற ஒட்டி இருந்தது. அந்த ஒட்டிக்கு மதிப்புக் கொடுத்துத்தான் நான் பெட்டியைத் திறக்கவில்லை. திருப்பி அனுப்ப அவர் கொடுத்திருந்த 14 நாட்களும் அப்படியே கழிந்தன. இப்போது யோசித்தால் அந்த ஒட்டியின் வேலையே அதுதான் என்று தெரிகிறது.

வீட்டில் இருக்கும் 14 அங்குலத் தொலைக்காட்சியில் இணைத்தவுடன் படம் நல்ல நிறத்தோடு வந்தது. மகிழ்ந்தேன். மகிழ்ந்திருக்கக் கூடாது. ஜப்பானிய ஃபமிகொம், ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் வழங்கிய என்டிஎஸ்சி (NTSC) என்ற தொலைக்காட்சி முறையில் படம் கொடுப்பது. எங்கள் தொலைக்காட்சியோ இங்கு வழங்கும் பால் (PAL) முறையை மட்டும் அறிந்த பழையது. ஏவி வெளியீடு பொருத்தினாலும் அசல் இயந்திரம் அதில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். தெளிவான நிறமே முதல் சாட்சியாக இருந்தது. நான் அதைப் பெட்டியின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டைப் போட்டதும் எல்லாம் மந்தமாக ஓடியது. அம்பாப் பாட்டு இழுபட்டது. மேள ஒலிக்குப் பின்னால் வரும் குழுவின் குரலுக்காக நான் வைத்திருந்த நிறைந்த ஒலி மெலிந்தும், தனிக் குரலுக்கான மெல்லிய ஒலி தடித்தும் கேட்டன. விற்பனையாளரை அழைத்துக் கேட்டேன். “தம்பி, உங்கட ரீவி பால். அதாலதான் ஸ்லோவா ஓடுது. ஒரிஜினல் மெஷின் எல்லாம் இப்பிடித்தான்” என்றார். தொலைக்காட்சி படத்தைக் காட்டுவதோடு சரி. இயந்திரத்தின் வேகத்தை அதனால் மாற்ற முடியாது. இதை நான் அறியாதவன் அல்லன். ஆனாலும் ‘அசல்’ என்ற சொல்லை நம்பியிருந்தபடியால், எமுலேட்டர்தான் இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன்.

அதன் பிறகு செய்ததை எழுதும்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடுவதை ஈடுசெய்ய, 45ஐக் குறைக்க வேண்டியிருந்தது. கணக்குப்படி வருவது 37.5. அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது என்பதால், ஒரு தட்டுக்கு 37, அடுத்த தட்டுக்கு 38 என்று மாறி மாறி எண்ணும்படி தாளத்தைப் பிரித்தெழுதினேன். இழுப்பவர்களின் நடை, அலையின் அசைவு, சூரியன் இறங்கும் வேகம் எல்லாவற்றையும் அதற்கேற்பக் கூட்டினேன். குரலுக்கான இரண்டு ஒலி அமைப்புகளையும் இடம் மாற்றினேன். ஐந்து வாரங்களில் அந்தப் பெட்டியில் என் விளையாட்டு அழகாக ஓடியது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனனுக்குக் கோப்பை அனுப்பினேன். அவனிடம் ஃபமிகொமின் வட அமெரிக்க வடிவமான நெஸ் (NES) இருக்கிறது. அதுவும் செக்கனுக்கு 60 ஃபிரேம் கணக்கில் ஓடுவதே. காணொளி அழைப்பில் தன் திரையைக் காட்டி, “மச்சான், என்ன இது? வலை இழுக்கினமா, இல்லை ஆரையும் துரத்தினமா?” என்று கேட்டான். தாளம் படபடவென்று அடித்தது. ஒரு தடவைகூட அவனால் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. குரல்களும் தலைகீழாக ஒலித்தன.

அன்றிரவே ஒரு சிறு நிரல் எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் ஃபிரேம்களை எண்ணத் தொடங்கி, 3,600 ஆனதும் திரையின் நிறத்தை மாற்றும், வேறொன்றும் செய்யாது. மைத்துனனின் பெட்டியில் அது ஒரு நிமிடம் எடுத்தது. என் பெட்டியில் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: 72 செக்கன். மறுபடியும் பார்த்தேன். 72. செக்கனுக்கு 50 ஃபிரேம் ஓடும் இயந்திரம் ஜப்பானிய ஃபமிகொமாக இருக்க முடியாது.

மறுநாள் மத்திய வீதிப் பக்கம் வானொலி திருத்தும் அண்ணர் ஒருவரிடம் பெட்டியை எடுத்துச் சென்றேன். ஒட்டியைக் கிழித்துத் திறந்தார். அசல் பலகையில் எச்விசி-சிபியு என்று தொடங்கும் குறியீடும், ஆர்பி2ஏ03, ஆர்பி2சி02 என்று பொறித்த இரண்டு பெரிய சிப்களும் இருக்க வேண்டும். இதில் அந்த இடங்களில் 6527பி, 6538 என்ற எண்கள் இருந்தன. பால் நாடுகளுக்கான நகல் பெட்டிகளில் வழமையாகக் காணப்படும் சோடி அது. அந்த 6527பி சிப் இரண்டு ஒலி அமைப்புகளையும் இடம் மாற்றி ஒலிப்பது இத்துறையில் பலரும் அறிந்த விடயம். பலகை கூட்டின் தூண்களில் பொருந்தாததால், இரண்டு தூண்களை வெட்டி எறிந்துவிட்டு, சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது கன்ட்ரோலரில் இருக்கும் ஒலிவாங்கியையும் அண்ணர் திறந்து காட்டினார்: வெளியே துளைகளும் நகரும் விசையும் இருந்தன, உள்ளே ஒரு கம்பிகூட இல்லை. “கூட்டை மட்டும் எங்கேயோ எடுத்துப்போட்டு, குடலை மாத்தியிருக்கிறாங்கள்” என்றார்.

கசற்றில் செய்திருந்த வேலை இன்னும் சிறியது, இன்னும் கீழானது. அழிக்கக்கூடிய ஈப்ரொம் சிப்பின் நடுவில் ஒரு சிறிய கண்ணாடிச் சாளரம் இருக்கும். புறஊதா ஒளியை அதன் வழியே செலுத்தித்தான் அழிப்பார்கள். அறை வெளிச்சம் படாதிருக்க அந்தச் சாளரத்தின் மேல் காகித ஒட்டி போடுவது வழக்கம் என்பதால், எனக்கு வந்த சிப்களின் மேல் ஒட்டி இருந்ததை நான் சந்தேகிக்கவில்லை. முதல் பதிப்பை எழுதி, பிழை கண்டு, அழிப்பதற்காக ஒட்டியை உரித்தபோது அடியில் சாளரமே இல்லை. வழவழப்பான கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும். ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய மலிவான சிப் அது. ஐந்து வாரச் சோதனைக்கும் நண்பர் ஒருவரின் கசற்றை இரவல் வாங்கவேண்டி வந்தது.

படங்களை அனுப்பியதும் விற்பனையாளர் பதில் அளிப்பதை நிறுத்தினார். மூன்றாம் நாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பற்றுச்சீட்டுக் கேட்டபோதெல்லாம் ‘பொதியோடு வரும்’ என்று சொல்லி வந்தவர், வங்கியில் பணம் வைப்பிலிடும்போது குறிப்பில் ‘நண்பருக்கு உதவி’ என்று எழுதச் சொல்லியிருந்தார், நானும் எழுதினேன். கையில் இருக்கும் ஒரே ஆவணம் இப்போது அது கொள்வனவே இல்லை என்று சொல்கிறது. தயவுசெய்து இதை எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, உரையாடல்கள், திருத்துபவர் முன்னிலையில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். நான் இன்னும் சில வாரங்கள் தாமதித்திருந்தால் அதுவும் கைவிட்டுப் போயிருக்கும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

வாங்க இருப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் சிவப்பு வெள்ளை ஃபமிகொமின் உட்பலகையைத் திறந்து படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள்; மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். பெட்டி கைக்கு வந்தால், இரண்டாவது கன்ட்ரோலரின் ஒலிவாங்கியில் பேசிப் பாருங்கள்: அசலில் உங்கள் குரல் தொலைக்காட்சியில் கேட்கும். (1993இல் வந்த பிந்திய வடிவத்தில் ஒலிவாங்கி கிடையாது.) 3,600 எண்ணும் சோதனையையும் செய்யுங்கள், ஆனால் அதில் தேறிவிட்டது என்பதற்காக மட்டும் அசல் என்று முடிவு கட்ட வேண்டாம், 60இல் ஓடும் நகல்களும் உண்டு. ‘புத்தம் புதியது’ என்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள், ஏனெனில் 2003ஆம் ஆண்டுடன் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஒருவேளை உண்மையான ஜப்பானிய மின்னிணைப்பியும் கிடைத்தால், அது 100 வோல்ட்டுக்கு உரியது; எங்கள் 230 வோல்ட்டில் நேரே செருகாதீர்கள்.

தாளத்தை மீண்டும் 45க்குக் கொண்டுவந்துவிட்டேன். மற்ற மாற்றங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய பிரதியை வைத்திருந்தும், இடையில் உண்மையான பிழைகள் சிலவற்றையும் திருத்தியிருந்தபடியால் அப்படியே திரும்பிப் போக முடியவில்லை.

கடந்த வாரம் அதே விளம்பரம் வேறொரு பெயரில் மீண்டும் வந்திருக்கிறது. விலை 49,000 ரூபாய். படங்கள் அதேதான். முதல் படத்தில், கசற் வாயை மூடும் சிவப்பு மூடியின் இடது மூலையில் அரைநிலவு வடிவில் ஒரு கீறல் தெரியும். எனக்கு வந்த பெட்டியில் அந்தக் கீறல் இல்லை. அந்தப் படத்தைக் கண்டால் பணம் அனுப்பாதீர்கள்.