பம்பா, பேனலா, காற்றாலையா? ஒரு நகராட்சி எதில் முதலில் கை வைக்கலாம்

"இனி பசுமை மின்சாரம்தான்" என்று ஒரு நகராட்சி தீர்மானம் போட்டால், கொஞ்ச நாளில் அலுவலக மொட்டை மாடியில் சோலார் பேனல் ஏறிவிடும். பேனல் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா வைக்கலாம், பேப்பரில் படம் வரும். ஆனால் அதே நகராட்சி கட்டும் ஈ.பி. பில்களை மொத்தமாக எடுத்துப் பிரித்துப் பார்த்தால் அலுவலகக் கட்டடத்தின் பங்கு சொற்பமாக இருக்கும். பணம் போவதெல்லாம் இரண்டு இடத்தில்: குடிநீர் ஏற்றும் பம்பு, தெருவிளக்கு.

கையில் சில கோடி ரூபாயும் கொஞ்சம் ஆர்வமும் உள்ள நகராட்சிக்கு முன்னால் பெரிதாக மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்தக் கூரையில் சூரிய மின்சாரம் எடுக்கலாம். ஊருக்கு வெளியே காற்றாலையோ சூரியப் பண்ணையோ வைத்து, அல்லது அப்படி ஒன்றிடமிருந்து வாங்கி, மின்வாரியக் கம்பி வழியே கொண்டுவரலாம். எதையும் புதிதாக உற்பத்தி செய்யாமல், இப்போது எரிப்பதைக் குறைக்கலாம். போட்ட பணம் எப்போது திரும்பும், மின்சாரம் நமக்கு வேண்டிய நேரத்தில் வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஐந்து வருஷம் கழித்து அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்குமா என்பதையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். உள்ளாட்சிகளில் பல நல்ல திட்டங்கள் படுத்தது அந்த இடத்தில்தான்.

கணக்கு எளிதாக இருக்க, கீழே யூனிட் விலை 8 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கூரைப் பேனல்

தமிழ்நாட்டு வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். செலவு 50,000 முதல் 60,000 ரூபாய். ஆக, அலுவலக மாடியில் 20 கிலோவாட் போட்டால் 10 முதல் 12 லட்சம் ஆகும், ஆண்டுக்கு 29,000 யூனிட் கிடைக்கும், 2.3 லட்சம் ரூபாய் மிச்சம். ஐந்து வருஷத்தில் முதல் திரும்பிவிடும். பேனலுக்கு ஆயுள் 25 வருஷம். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அலுவலகம் இயங்குவதும் பகலில்தான் என்பதால் நேரமும் பொருந்துகிறது.

பள்ளிக்கூடக் கூரை என்று வரும்போதுதான் கணக்கு கொஞ்சம் நொண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதம் பள்ளி லீவு. உற்பத்தியாவது எல்லாம் கம்பிக்குப் போகும். வீட்டு இணைப்புக்கு, வெளியே அனுப்பியதை பில்லில் கழிக்கும் நெட் மீட்டரிங்கில், யூனிட்டுக்கு யூனிட் கழியும். மற்ற இணைப்புகளில், மிஞ்சி வெளியே போகும் யூனிட்டுக்கு நாம் வாங்கும் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே கட்டடம் பகலில் எவ்வளவு இழுக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் பேனல் போடுவது புத்திசாலித்தனம். இடம் இருக்கிறதே என்று கூரை முழுக்க நிரப்புவது வீண்.

பராமரிப்பு இன்னொரு கதை. ஓர் அலுவலகத்தில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. உற்பத்தியைப் பார்க்கும் ஆப் மாற்றலாகிப் போன அதிகாரியின் போனில் இருந்தது. பேனலில் காக்கை எச்சமும் தூசியும் அப்பிக் கிடந்தன. கழுவும் வேலையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்ற குழப்பம் தீரவே இல்லை. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஒரு குழாய், ஒரு மாப், மாதம் ஒருமுறை மீட்டர் குறித்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

ஆனால் கூரைப் பேனலின் உண்மையான எல்லை அளவுதான். சென்னைக் குடிநீருக்காக நெம்மேலியில் 2013-ல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளைக்கு 10 கோடி லிட்டர் தருவது. 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் நிலையம் ஒன்றும் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் பிடிக்கும். முதல் நிலையத்துக்கு மட்டுமே நாளைக்கு மூன்றரை லட்சம் யூனிட் என்று வருகிறது. அதைப் பேனலில் எடுக்க 87 மெகாவாட்டும், கிட்டத்தட்ட 200 ஏக்கர் கூரையும் வேண்டும். அவ்வளவு கூரைக்கு எங்கே போவது?

பம்பு ஹவுஸ்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்குத் தெரிந்து பணம் கொட்டிக் கிடப்பதும், யாரும் எட்டிப் பார்க்காததும் இந்த இடம்தான்.

ஒரு பம்பு ஹவுஸில் டெலிவரி வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "முழுசாத் திறந்தா ஆம்ப்ஸ் எகிறும் சார், மோட்டார் ட்ரிப் ஆயிடும்" என்றார் ஆபரேட்டர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தொட்டியின் உயரத்துக்குத் தேவையானதைவிட அதிக ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) தரும் பம்பை யாரோ எப்போதோ "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்கிவிட்டார்கள். வால்வைத் திறந்தால் அது அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ளி மோட்டாரைத் திணறவைக்கும். அதனால் வால்வை மூடி, காசு கொடுத்து உண்டாக்கிய அழுத்தத்தை அந்த வால்விலேயே கொன்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு காலால் ஆக்சிலரேட்டரையும் இன்னொரு காலால் பிரேக்கையும் மிதிப்பது மாதிரி. பக்கத்தில் இருந்த பிரஷர் கேஜின் முள் உடைந்திருந்தது. எவ்வளவு தண்ணீர் போகிறது என்று காட்டும் ஃப்ளோ மீட்டர் இல்லவே இல்லை.

இதன் விலையைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 50 மீட்டர் ஏற்ற இயற்பியல்படி 0.136 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 75 சதவீதம் என்றால், நாளைக்கு ஒரு கோடி லிட்டர் ஏற்றும் ஊருக்கு 1,800 யூனிட் ஆகும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்து, மோட்டாரும் மூன்று நான்கு முறை ரீவைண்டிங் ஆகி, திறன் 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 2,700 யூனிட். வித்தியாசம் நாளைக்கு 900 யூனிட், அதாவது 7,200 ரூபாய். ஆண்டுக்கு 26 லட்சம்.

இந்த 900 யூனிட்டைப் பேனலில் எடுக்க நினைத்தால் 225 கிலோவாட் வேண்டும். இடம் 22,500 சதுர அடி, செலவு 1.1 கோடிக்கு மேல். சரியான ஹெட்டுக்கு நல்ல பம்பும் மோட்டாரும் வாங்கி மாட்ட இதில் ஒரு பகுதி போதும். தேய்ந்த பம்பை அப்படியே வைத்துக்கொண்டு அதை ஓட்டப் பேனல் வாங்குவது, ஓட்டைக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவதுதான். பம்பு செட்டுக்குப் பேர் போன கோயம்புத்தூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்கள் இப்படி இருப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

குழாய்க் கசிவும் இதே கணக்கில் சேரும். ஏற்றிய தண்ணீரில் கால்வாசி மண்ணுக்குள் போனால், அதை ஏற்றச் செலவான மின்சாரத்திலும் கால்வாசி மண்ணுக்குள்தான்.

பம்பிங்கில் இன்னொரு வசதி உண்டு. மேல்நிலைத் தொட்டி ஏற்கெனவே கட்டியிருக்கிறது. தண்ணீரைப் பகல் பத்து மணி முதல் மூன்று மணிக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு காலையில் திறந்துவிடலாம். சூரிய மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரி வாங்க வேண்டிய தேவையே இல்லை. தொட்டி சின்னதாக இருந்தால் பம்பு இரவிலும் ஓடியே ஆக வேண்டும் என்பது உண்மை. அப்போது கூடுதலாக ஒரு தொட்டி கட்டுவதையும் மின்சாரச் செலவாகவே பார்க்கலாம்.

தெருவிளக்கு

இதில் விவாதத்துக்கு அதிகம் இல்லை. சோக்குடன் 50 வாட் இழுக்கும் பழைய ட்யூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால், இரவு 12 மணி நேரம் எரிவதில் கம்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 130 யூனிட் மிச்சம். பத்தாயிரம் கம்பத்துக்கு ஒரு கோடி ரூபாய். சிக்கல் ஒப்பந்தத்தில்தான். மகாராஷ்டிராவின் அகோலா மாநகராட்சி, எல்.இ.டி. பரவுவதற்கு முன்பே, 11,500-க்கும் மேற்பட்ட விளக்குகளைத் தன் கைக்காசு போடாமல் மாற்றியது. ஒரு தனியார் நிறுவனம் முதலீடு செய்து, மிச்சமாகும் தொகையில் 95 சதவீதத்தை ஆறு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. மின்சாரச் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் "மிச்சம்" என்பதை எதிலிருந்து கணக்கிடுவது? ஊரில் ஐந்தில் ஒரு பங்கு விளக்கு ஏற்கெனவே எரியாமல் கிடந்தால், பழைய பில் அந்த இருட்டையும் சேர்த்துக் குறைவாகவே இருந்திருக்கும். எல்லாவற்றையும் எரியவிட்ட பிறகு பில் எதிர்பார்த்த அளவு குறையாது. "சொன்ன மிச்சம் எங்கே" என்று நகராட்சி கேட்கும், "விளக்கெல்லாம் எரிகிறதே" என்று கம்பெனி சொல்லும். பாக்கி சேரும், பழுது பார்ப்பது நிற்கும். எண்ணி, அளந்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் முதல் விளக்கைக் கழற்ற வேண்டும்.

ஊருக்கு வெளியே

இரவில் எரியும் விளக்குக்குக் கூரைப் பேனல் நேரடியாக உதவாது. காற்று இரவிலும் அடிக்கும். அந்த வகையில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்குக் கையருகே ஓர் உதாரணம் இருக்கிறது: மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. 2006-ல் சுமார் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை 4.5 லட்சம், மீதியை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். ஒரு கிராம ஊராட்சி செய்தது இது.

அதை அப்படியே இன்று நகல் எடுக்க முடியுமா என்றால், யோசிக்க வேண்டும். நம் காற்று மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், அப்புறம் படுத்துவிடும். சீசனில் கிடைத்ததை மின்வாரியத்திடம் கணக்கில் வைத்து வருஷம் முழுக்க எடுத்துக்கொள்ளும் பேங்கிங் சலுகை, பழைய காற்றாலைகளுக்கு இருந்த அளவு புதியவற்றுக்கு இல்லை. மின்வாரியக் கம்பி வழியே கொண்டுவருவதற்கான வீலிங் கட்டணம் தனி. ஓடந்துறையின் துணிச்சலைப் பாராட்டலாம், அதன் கணக்கை மட்டும் இன்றைய விதிகளில் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய நகரங்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் இந்தோர் காட்டிய வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நர்மதைத் தண்ணீரை சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் ஊர் அது. பில் எங்கே வீங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். 2023 பிப்ரவரியில் பொதுமக்களும் வாங்கும்படி 244 கோடி ரூபாய்க்குப் பசுமைக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள், 8.25 சதவீத வட்டி. கேட்டதைப் போல பல மடங்கு விண்ணப்பம் வந்தது. பணம் எதற்கு என்றால், பம்பிங் நிலையம் இருக்கும் ஜலூதிலேயே 60 மெகாவாட் சூரிய நிலையம் அமைக்க. செலவு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரவை வைத்தார்கள்.

வாங்கும் ஒப்பந்தத்தில் அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஜார்ஜ்டவுன் சாட்சி. சொந்த மின் வினியோகம் உள்ள சிறு நகரம். நூறு சதவீதம் காற்றும் சூரியனும் என்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடும் நிலையான விலை ஒப்பந்தங்களைப் போட்டார்கள், ஊருக்குத் தேவையானதைவிட அதிக அளவுக்கு. மிச்சத்தைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். இயற்கை எரிவாயு மலிந்து மின்சாரச் சந்தை விலை விழுந்தது. 2018-ல் பட்ஜெட்டைவிட சுமார் 68 லட்சம் டாலர் கூடுதலாகப் போனது. காற்றும் சூரியனும் தப்பு செய்யவில்லை. அளவைத்தான் கூட்டி வாங்கிவிட்டார்கள்.

வீடுகள்

இதுவரை சொன்னதெல்லாம் நகராட்சியின் சொந்த பில். ஊர் மொத்தமாக எரிப்பதில் அது சிறு பங்கே. வீடுகளிலும் இதே வரிசைதான் எடுபடும். 75 வாட் ஃபேனுக்குப் பதில் குறைவாக மின்சாரம் இழுக்கும் மோட்டார் கொண்ட 35 வாட் பி.எல்.டி.சி. ஃபேன், நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 36 யூனிட் குறையும். மூன்று ஃபேனுக்கு 108. இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் வரும் வீடு 500-க்குக் கீழே இறங்கிவிடும், கட்டண ஸ்லாபும் மாறும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பது நல்ல விஷயம்தான். ஃபேனை மாற்றிய பிறகு பார்த்தால் இரண்டு கிலோவாட்டே போதும் என்று தெரியலாம்.

என்னிடம் கேட்டால், மூன்று கோடி ரூபாய் உள்ள நகராட்சி முதல் சில லட்சத்தை ஃப்ளோ மீட்டருக்கும் எனர்ஜி மீட்டருக்கும் செலவழிக்கட்டும். அடுத்தது பம்பு. பிறகு விளக்கு. அப்போது குறைந்திருக்கும் இழுப்புக்கு ஏற்ற அளவில் பம்பு ஹவுஸ் வளாகத்திலேயே பேனல், அங்கே நிலமும் இருக்கும், காவலாளியும் இருப்பார். காற்றாலைப் பங்கு கடைசியில், அதுவும் அக்கம்பக்கத்து நாலைந்து ஊர்கள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் மட்டும். பம்பில் மிச்சமாகும் 26 லட்சம் பொதுக் கணக்கில் கரைந்து போகாமல் தனிக் கணக்கில் விழும்படி மன்றத்தில் ஒரு தீர்மானமும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பம்பு தேயும்போது மாற்றப் பணம் இருக்காது, ஆபரேட்டர் மறுபடியும் வால்வைத் திருகிக்கொண்டிருப்பார்.