எம்ஐடியின் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ்: ஸ்டோர்ஸ் ஆள் ஒருவரின் மதிப்பீடு

சப்ளை செயின், அதாவது சரக்கை வாங்கி, இருப்பு வைத்து, வாடிக்கையாளரிடம் சேர்க்கும் வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் சம்பளம், பதவி உயர்வு என்பார்கள். சரிதான். ஆனால் வந்தவர்களில் பலர் இதை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறார்களே, அதற்கு அந்தப் பதில் போதாது. உதிரி பாகக் கிடங்கில் ஸ்டாக் பார்க்கும் எனக்கு அதற்கான காரணம் புரிந்தது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்ஐடி) இணையவழியில் நடத்தும் இந்தப் படிப்பில்தான்.

மைக்ரோமாஸ்டர்ஸ் (முதுகலைத் தரத்தில் சில பாடங்களை மட்டும் கொண்ட இணையவழிச் சான்றிதழ்) என்ற பெயரில் வந்த முதல் படிப்பே இது, 2015இல் அறிவித்தார்கள். அனலிட்டிக்ஸில் (தரவுகளைக் கணக்கிட்டு ஆராய்வது) தொடங்கி ஐந்து பாடங்கள், கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தேர்வு.

எனக்கு உயிரான பகுதி இரண்டாவது பாடத்தில் வரும் சரக்கிருப்பு. ஒரே ஒரு முறைதான் ஆர்டர் போட முடியும், மிஞ்சினால் வீண், குறைந்தால் வியாபாரம் போச்சு என்ற நிலையில் எவ்வளவு வாங்குவது? ஒரு பொருள் குறைந்தால் வரும் இழப்பு 3 பங்கு, மிஞ்சினால் 1 பங்கு என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 4. 3ஐ 4ஆல் வகுத்தால் 0.75. அதாவது வரும் தேவையைச் சமாளிக்க 75 சதவீத வாய்ப்பு தரும் அளவுக்கு வாங்க வேண்டும். சராசரியை விடக் கூடுதலாக வாங்குவது பயத்தினால் இல்லை, கணக்கினால் என்று அப்போது தெரிகிறது. அப்புறம் பாதுகாப்பு இருப்பு, அதாவது தேவை திடீரென்று கூடினால் சமாளிக்க வைத்திருக்கும் கூடுதல் சரக்கு. அது லீட் டைமின் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் வரை ஆகும் காலம்) வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். சப்ளையர் 4 வாரத்தில் தருவதை 1 வாரத்தில் தந்தால், மற்றதெல்லாம் மாறாதபோது, பாதுகாப்பு இருப்பு பாதியானால் போதும். கால்வாசி ஆகாது, பாதிதான். இதைத் தெரிந்துகொண்டு சப்ளையரிடம் பேசுவதற்கும் சும்மா 'சீக்கிரம் அனுப்புங்கள்' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

எங்கள் வேலை மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. இவ்வளவு பணத்தை ஏன் அலமாரியில் முடக்கினீர்கள் என்று கணக்குப் பிரிவு கேட்கும். கேட்ட பொருள் ஏன் இல்லை என்று விற்பனைப் பிரிவு கேட்கும். நடுவில் நிற்பவர் கையில் ஓர் எண்ணும் அதற்கான காரணமும் இருந்தால் கூட்டத்தில் அவர் பேச்சு எடுபடுகிறது. ஸ்டோர்ஸிலிருந்து பிளானிங் பக்கம் போகத் துடிக்கும் நண்பர்களிடம் நான் பார்க்கிற ஆசையும் இதுதான். பதவியை விட, நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்ற உணர்வு. எடுத்த முடிவு சரியா தப்பா என்று சில வாரங்களில் அலமாரியே காட்டிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சுகம் எல்லா வேலையிலும் கிடைக்காது.

லாரி வராத இரவில் டிரைவரிடம் எப்படிப் பேசுவது, லோடு இறக்குபவர்களை எப்படி அரவணைப்பது என்பதையெல்லாம் இங்கே தேடாதீர்கள். அதைக் களத்தில் மூத்தவர்கள் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். வேலை கிடைக்க ஒரு சான்றிதழ் போதும் என்பவர்களுக்கும் இது அதிகப்படியான உழைப்பு. ஸ்டாக்கோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

கணக்கை விட்டு வெகுகாலம் ஆனவர்கள் முதல் பாடத்தை இலவசமாகப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். நிகழ்தகவும் ரிக்ரஷனும் (ஓர் எண் மாறினால் இன்னொன்று எப்படி மாறும் என்று மதிப்பிடும் கணக்கு) பிடிபடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சான்றிதழுக்குப் பணம் கட்டலாம்.